ஜூலி ஏன் சித்தப்பாவின் காலைப் பிடித்தாள்? – கோழி, குரங்கு, ஓநாய் வழியாக ஒரு சின்ன வரலாறு

தலைப்பைப் பார்த்ததும் சிலருக்கு விஷயம் புரிந்திருக்கும். புரியாதவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நாய் திடீரென்று ஒருவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டும் இல்லையா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். இனி இதை 'ஏறுவது' என்றே எழுதுகிறேன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நம் ஊரில் சொல்கிற வார்த்தைதான் அது.

ஜூலி எங்கள் வீட்டு நாய். தெருவில் கிடந்த குட்டி. 2018-ல், நான் எட்டாவது படிக்கும்போது எடுத்து வந்தோம். பெட்டை. ஒரு வயதில் கருத்தடை ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து பைக்கை நிறுத்தியதும் ஜூலி வாசலுக்கு ஓடும், நாலு சுற்று சுற்றும், குரைக்கும், கடைசியில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடும். வீட்டில் யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாது. "பொட்ட நாய்க்கு என்னடா இந்தக் கேடு?" என்று பாட்டி தலையில் அடித்துக்கொள்வார். சித்தப்பா காலை உதறிவிட்டு, "அண்ணி, முதல்ல இதைக் கட்டிப் போடுங்க" என்பார்.

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. நாய் ஏறுவது இணை சேரத்தான் என்றால், பெட்டை நாய், அதுவும் கருப்பையை எடுத்துவிட்ட நாய், சித்தப்பாவின் முழங்காலில் என்ன செய்கிறது? எனக்கு விடை இணையத்தில் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. "உங்கள் நாய் உங்கள் வீட்டுக்குத் தலைவனாகப் பார்க்கிறது. ஏறுவது ஆதிக்கத்தின் அடையாளம். நீங்கள்தான் ஆல்ஃபா என்று அதற்குக் காட்டுங்கள்." எப்படிக் காட்டுவது என்று வீடியோவும் இருந்தது. நாயைப் பிடித்து மல்லாக்கப் புரட்டி, அது அடங்கும்வரை கழுத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அப்படித்தான் செய்யுமாம். விஞ்ஞானமாம்.

செய்தேன். மூன்று வாரத்தில் மூன்று முறை. அதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நான் 'விஞ்ஞானம்' என்று நம்பிய அந்த விஷயம் எங்கிருந்து கிளம்பி எங்கள் வீட்டு வராண்டாவுக்கு வந்தது என்ற கதையைச் சொல்ல வேண்டும். காலேஜ் வந்தபிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். நாயில் ஆரம்பிக்கும் என்று நினைத்தேன். கோழியில் ஆரம்பித்தது!

நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவருக்குச் சின்ன வயதிலிருந்தே கோழி என்றால் பைத்தியம். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று உட்கார்ந்து கணக்கு எழுதிய ஆள். 1922-ல் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும், இரண்டாவது முதலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொத்தும், கடைசிக் கோழி எல்லோரிடமும் கொத்து வாங்கும். 'கொத்து வரிசை' என்று இன்று ஆபீஸ் அரசியல் பேசுகிறவர்கள்கூடச் சொல்கிறார்களே, அது இவருடைய கோழிக்கூண்டிலிருந்து வந்ததுதான். இந்த வரிசை எப்போதும் நேர்க்கோடாக இருக்காது, அ ஆவைக் கொத்த, ஆ இயைக் கொத்த, இ திரும்பி அவைக் கொத்துகிற முக்கோணங்களும் உண்டு என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு முக்கோணம் பிடிக்கவில்லை. ஏணிதான் பிடித்தது.

அடுத்து குரங்கு. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1925-ல் 'குரங்குக் குன்று' என்று ஒரு செயற்கைப் பாறைக் குன்றைக் கட்டி, சுமார் நூறு ஹமத்ரையாஸ் பபூன்களை விட்டார்கள். (நம் ஊர் நாடகத்து பபூன் இல்லை. இது அரேபியா, எத்தியோப்பியா பக்கத்துப் பெரிய குரங்கு.) ஏறக்குறைய எல்லாமே ஆண். 1927-ல் முப்பது பெண் குரங்குகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஆண்கள் பெண்களைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டதில் அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான பெண் குரங்குகள் செத்துப்போயின. அங்கே வேலை பார்த்த சாலி சக்கர்மன் இதையெல்லாம் கவனித்து 1932-ல் புத்தகம் எழுதினார். குரங்குச் சமுதாயத்தைக் கட்டி வைத்திருப்பது காமமும் ஆதிக்கமும்தான் என்பது அவர் முடிவு. காட்டில் அந்தக் குரங்குகள் இப்படி ஒன்றையொன்று கொன்று தீர்ப்பதில்லை என்று தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது வருகிற பெயர் நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜ்மென்ட் பேப்பரில் ஐந்து மார்க் கேள்வியாக வருமே, தேவைகளின் படிநிலை, அந்த முக்கோணம்... ஆமாம், சாட்சாத் ஆப்ரகாம் மாஸ்லோ! (அந்த பிரமிடு படத்தை அவர் வரையவே இல்லை, பின்னால் வந்த மேனேஜ்மென்ட்காரர்கள் வரைந்தது என்கிறார்கள். பரீட்சையில் வரைந்துவிடுங்கள், மார்க் உண்டு.) மனிதத் தேவைகள் பற்றி அவர் எழுதியது 1943-ல். அதற்கு முன்னால் அவர் குரங்கு பார்த்துக்கொண்டிருந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோவிடம் ஆராய்ச்சி மாணவர், 1934-ல் டாக்டர் பட்டம். மேடிசன் ஊரில் இருந்த வைலஸ் பார்க் என்ற சின்ன மிருகக்காட்சிசாலையில் கூண்டுக் குரங்குகளை மணிக்கணக்கில் பார்த்து 1936-ல் கட்டுரை எழுதினார்.

அவர் கவனித்தது இதுதான். குரங்குகள் ஆண் மேல் ஆண், பெண் மேல் பெண், ஏன், ஆண் மேல் பெண்கூட ஏறுகின்றன. இதெல்லாம் குட்டி போடுவதற்கான வேலையாக இருக்க முடியாது. அப்படியானால்? பெரிய குரங்கு ஏறுகிறது, அடங்கிய குரங்கு ஏறவிடுகிறது. ஆகவே, ஏறுவதில் பாதி காமம், பாதி ஆதிக்கம் என்றார் மாஸ்லோ. இரண்டும் வேறு வேறு உந்துதல்கள், வெளியில் பார்க்க மட்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. நியாயமாகச் சொன்னால் இது அந்தக் காலத்துக்குப் புத்திசாலித்தனமான யோசனை. எங்கள் பாட்டியின் கேள்விக்கு முதன்முதலில் ஒழுங்காகப் பதில் சொல்லப் பார்த்தவர் அவர். கோளாறு என்னவென்றால், அவர் பார்த்தது எல்லாம் கூண்டு. சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் சண்டை போட்டே ஆகவேண்டிய, தப்பித்து ஓட வழியே இல்லாத கூண்டு.

மூன்றாவது கூண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அங்குள்ள மிருகக்காட்சிசாலையில் ஓநாய்களைப் பார்த்து, 1947-ல் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். வால் எந்தக் கோணத்தில் இருந்தால் என்ன அர்த்தம், காது எப்படி, பல் எப்படி என்று அற்புதமாகக் கவனித்து எழுதியவர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இடம்? 10 மீட்டருக்கு 20 மீட்டர். நம் வகுப்பறை மூன்றைச் சேர்த்தால் அவ்வளவுதான். அதற்குள் பத்து ஓநாய்கள் வரை. காட்டில் ஒரு ஓநாய்க் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் வேண்டும். இந்த அடைப்புக்குள் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஓயாத சண்டை. மேலே ஒரு ஜோடி, அதுதான் 'ஆல்ஃபா'. ஓநாய் பற்றி எழுதியதை நாய்க்கும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓநாயின் வாரிசுதானே நாய்!

பிறகு டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆராய்ச்சியாளர் 1970-ல் 'ஓநாய்' என்ற புத்தகம் எழுதினார். ஷெங்கலின் ஆல்ஃபாவும் அதில் ஏறிக்கொண்டது. புத்தகம் நன்றாக விற்றது. 1978-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் வளர்க்கும் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் நாய் வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். அதுவும் சக்கைப்போடு. நாயைப் புரட்டிப் போடும் 'ஆல்ஃபா ரோல்' வீடுவீடாகப் பரவியது அதன் வழியாகத்தான். துறவிகள் கெட்டவர்கள் இல்லை. நாயை நேசித்தவர்கள்தான். 2002-ல் வந்த புதிய பதிப்பில் இந்த முறை வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் முதல் பதிப்பைப் படித்தவன் இரண்டாம் பதிப்பையும் வாங்கிப் படிப்பானா என்ன? 2004 முதல் 2012 வரை நேஷனல் ஜியாகிரபிக் சேனலில் சீசர் மிலனின் நிகழ்ச்சி ஓடியது. 'கூட்டத்தின் தலைவன் நீ' என்ற பேச்சு உலகம் முழுக்கப் போனது. நிபுணரைக் கேட்காமல் வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று திரையில் எச்சரிக்கையும் ஓடியது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்!

இந்த இடத்தில் ஒரு நேர்மையான இடைச்செருகல். நாயை அடித்து அடக்கும் பழக்கத்தை ஓநாய் ஆராய்ச்சி கண்டுபிடிக்கவில்லை. கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியப் போலீஸ் நாய்ப் பயிற்சியாளர் 1910-லேயே எழுதிய கையேட்டில் பலத்தைக் காட்டிப் பணியவைப்பது உண்டு. ஓநாய் ஆராய்ச்சி செய்தது, பழைய தடிக்கு ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டது. என் மாதிரி ஆட்கள் தடி என்றால் தயங்குவோம். 'விஞ்ஞானம்' என்றால் உடனே செய்துவிடுவோம்.

சரி, இதே காலகட்டத்தில் உண்மையாகவே நாய்களைப் பார்த்தவர்கள் யாரும் இல்லையா? இருந்தார்கள். அவர்கள் பெயர் டீக்கடை வரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஃப்ராங்க் பீச் என்ற அமெரிக்கர் 1950-ல் தன் சக உளவியலாளர்களைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதினார். விலங்குகளின் மனம் என்று ஆரம்பித்துவிட்டு வெள்ளை எலியைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன் என்கிறீர்களே என்று. பிறகு அவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பீகிள் நாய்களை வைத்து வருடக்கணக்கில் ஆராய்ந்தார். 1967-ல் பர்னி லெபூஃபுடன் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரையே சுவாரசியம். பருவத்துக்கு வந்த பெட்டை நாய் கிடைத்த ஆணையெல்லாம் ஏற்றுக்கொள்வதில்லை, சிலரைப் பிடிக்கும், சிலரைப் பிடிக்காது என்று காட்டினார்கள். "மார்கழி மாசத்து நாய்" என்று நாம் திட்டுகிற வசவுக்கு இது நல்ல பதிலடி :-)

1968-ல் பீச் வெளியிட்ட இன்னொரு கட்டுரைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மற்ற நாய்களோடு சேரவிடாமல் தனியாக வளர்க்கப்பட்ட ஆண் நாய்களைப் பருவத்தில் இருக்கும் பெட்டையிடம் விட்டால் என்ன ஆகும்? ஆர்வத்தில் குறைவில்லை. ஆனால் எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியவில்லை! தலைப்பக்கம் ஏறின, விலாப்பக்கம் ஏறின. கூட்டமாக வளர்ந்த நாய்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அதாவது, ஏறுவதற்கான உந்துதல் பிறப்பிலேயே வருகிறது, சரியாக ஏறுவது குட்டியாக இருக்கும்போது மற்ற குட்டிகளோடு புரண்டு விளையாடி வருகிறது. அதே ஆண்டு, பெட்டை நாய்களும் ஏறுவதைப் பற்றியும், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதை எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றியும் பீச் குழுவினர் தனிக் கட்டுரையே எழுதினார்கள். பெட்டை ஏறுவது அவர்களுக்கு விநோதமோ, வீட்டைக் கைப்பற்றும் சதியோ இல்லை. நாயின் சாதாரண நடத்தைகளில் ஒன்று.

விளையாட்டு என்றதும் மார்க் பெகாஃப் ஞாபகம் வரவேண்டும். 1974-ல் நாய், ஓநாய், கயோட்டி என்ற அமெரிக்க நரி மாதிரி விலங்கு, இந்த மூன்றின் குட்டிகளும் எப்படி விளையாடுகின்றன என்று ஒப்பிட்டு எழுதியவர். முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி 'வா விளையாடலாம்' என்று நாய் ஒரு கும்பிடு போடுமே, அதை விஞ்ஞானக் கண்ணால் பார்த்துப் பிரபலப்படுத்தியவர் இவர். குட்டிகளின் விளையாட்டில் சண்டையின் துண்டு, வேட்டையின் துண்டு, இணைசேர்தலின் துண்டு எல்லாம் கலந்து வரும். கடிக்கும், ஆனால் கடி இல்லை. துரத்தும், ஆனால் வேட்டை இல்லை. ஏறும், ஆனால் காமம் இல்லை. பருவம் வருவதற்குப் பல மாதங்கள் இருக்கும் குட்டிகள், ஆண் பெண் பேதமில்லாமல், மாறி மாறி ஏறும். ஐந்து நிமிடம் முன்னால் கீழே கிடந்தது இப்போது மேலே. இதில் யார் தலைவன்? நம் தெருவில் ஒரு குட்டி ஈனிய நாய் இருந்தால் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

இன்னொரு பழைய யோசனையும் உண்டு. நிகோ டின்பர்கனும் அட்ரியான் கோர்ட்லாண்டும் 1940-ல் தனித்தனியாக எழுதியது. ஒரு விலங்குக்குள் இரண்டு உந்துதல்கள் மோதிக்கொண்டால், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது வேலை ஒன்றை அது செய்யும். இரண்டு ஆண் ஸ்டிக்கில்பேக் மீன்கள் எல்லையில் சந்தித்தால், சண்டை போடவும் வேண்டும், ஓடவும் வேண்டும் என்ற நிலையில் திடீரென்று தலைகீழாக நின்று மணலைத் தோண்ட ஆரம்பிக்கும்! நமக்குப் புரியாதா என்ன? வைவாவில் கேள்விக்குப் பதில் தெரியாதபோது பேனா மூடியைக் கழற்றி மாட்டுவோமே, அந்த ரகம். நாய் வளர்ப்பவர்களில் பலரும் மருத்துவர்களும் இன்று ஏறுவதை ஓரளவு இப்படித்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறார். சந்தோஷம், பயம், பரபரப்பு எல்லாம் ஒன்றாகப் பொங்குகிறது. எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்தது முழங்கால்.

ஹார்மோனுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. 1976-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் விதையடிக்கப்பட்ட 42 வளர்ந்த ஆண் நாய்களைப் பார்த்தார்கள். ஏறும் பழக்கம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நாய்களில் குறைந்தது. 1997-ல் 57 நாய்களைப் பார்த்த இன்னொரு ஆய்விலும் கிட்டத்தட்ட அதே கதை, பலவற்றில் குறைந்தது, ஆனால் அறவே நின்றுபோனது குறைவு. மீதி ஏன் நிற்கவில்லை? ஏனென்றால் அது முழுக்க ஹார்மோன் வேலை இல்லை. சில சமயம் சிறுநீர்ப் பாதையில் தொற்று, தோலில் அரிப்பு என்று உடம்புக் கோளாறும் காரணமாக இருக்கும். அதனால் ஒரு நாய் திடீரென்று அளவுக்கு மீறி இதைச் செய்ய ஆரம்பித்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். ஜூலியை நாங்கள் காட்டவில்லை. அது எங்கள் யார் மண்டையிலும் உதிக்கவில்லை.

ஆல்ஃபா கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடித்து வைத்தவர் அதைப் பரப்பிய அதே டேவிட் மெக்தான். 1986 முதல் ஒவ்வொரு கோடையிலும் வடதுருவத்துக்குப் பக்கத்தில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போய்க் காட்டு ஓநாய்களோடு பழகினார். அங்கே மனிதனைக் கண்டு ஓடாத வெள்ளை ஓநாய்கள். பார்க்கப் பார்க்க அவருக்குப் புரிந்தது. சண்டை போட்டு முதலிடம் பிடித்த தலைவன் என்று அங்கே யாரும் இல்லை. ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்களின் பிள்ளைகள். அவ்வளவுதான் ஓநாய்க் கூட்டம். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஜோடி தேடிக் கிளம்பிவிடும். அப்பாவை 'ஆல்ஃபா' என்று சொல்வது, நம் வீட்டில் அப்பாவை அப்படிச் சொல்கிற மாதிரிதான். பாசல் கூண்டில் இருந்தது குடும்பம் இல்லை, ஹாஸ்டல். அதுவும் வெளியே போக முடியாத ஹாஸ்டல். 1999-ல் மெக் இதைக் கட்டுரையாக எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சடிப்பதை நிறுத்தும்படி பதிப்பாளரிடம் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022-ல்தான் நிறுத்தினார்கள். தான் எழுதியது தப்பு என்று தன் புத்தகத்தையே நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்டிய இன்னொரு ஆளை எனக்குத் தெரியாது. இந்த மொத்தக் கதையிலும் எனக்குப் பிடித்த மனுஷன் இவர்தான்.

இதற்காக நாய்களுக்குள் மேல் கீழ் என்பதே கிடையாது என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு காப்பகத்து ஆண் நாய்களைப் பார்த்து, மொத்தக் கூட்டத்துக்கும் பொருந்துகிற ஒரு வரிசை தெரியவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டே இத்தாலியின் ரோம் நகரப் புறத்தில் திரியும் தெருநாய்களை ஆராய்ந்த சிமோனா கஃபாசோ குழுவினர் அங்கே வரிசை இருக்கிறது என்றார்கள். ஆனால் அந்த வரிசையைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நன்றாக உதவியது எது தெரியுமா? எந்த நாய் எதைப் புரட்டிப் போட்டது என்பது இல்லை. எந்த நாய் எதற்கு முன்னால் தானாகத் தாழ்ந்து போனது என்பதுதான். நாய்கள் மேல் கீழ் பார்ப்பது நாய்களோடு. மனிதனை ஜெயித்து ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராகப் பெயர் போட்டுக்கொள்ள ஜூலிக்கு ஆசை இருந்தது என்று நம்பியது நான்தான்.

2008-ல் அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் ஆதிக்கக் கொள்கையை வைத்து நாய்களைத் திருத்தப் பார்ப்பதற்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. 2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குத் தங்கள் நாய்களைக் கொண்டுவந்த 140 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நீங்கள் இந்த முறையைச் செய்தபோது நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் சீறியது அல்லது பாய்ந்தது. மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 சதவீதம்.

அந்த 31 சதவீதத்தைப் படித்தபோது என் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது முறை புரட்டியபோது ஜூலி கடித்தது. அது ஒன்றும் பாய்ந்து கடிக்கவில்லை. முதல் முறை கத்தியது. இரண்டாம் முறை கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நக்கியது, சிறுநீர் போய்விட்டது. 'அடங்கிவிட்டது, வேலை செய்கிறது' என்று நான் நினைத்தேன். அது பயத்தில் உறைந்து போயிருந்தது என்று இப்போது தெரிகிறது. மூன்றாம் முறைதான் பல்லைக் காட்டியது. மற்ற வழிகளையெல்லாம் அது முயற்சி செய்து பார்த்துவிட்டது, பாவம்.

மறுநாளிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரி, ஊசி. வீட்டில் பஞ்சாயத்து. நான் என்ன செய்தேன் என்று முழுசாக யாரிடமும் சொல்லவில்லை. "சும்மாதான் தொட்டேன், கடிச்சிடுச்சு" என்றேன். கடிக்கிற நாயை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று பாட்டி சொன்னார். அம்மா அழுதார். சித்தப்பாதான், அவருக்குத்தான் இதில் அதிகத் தொல்லை, "இத்தனை வருஷம் யாரையும் கடிக்காத நாய், அண்ணி. கொஞ்சம் யோசிங்க" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் ஜூலியை முசிறிக்குப் பக்கத்தில் பெரியப்பா தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம். ஆம்னி வேனின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனது.

போன பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஜூலிக்கு மூஞ்சியெல்லாம் நரை. என்னை மறந்திருக்கும் என்று நினைத்தேன். வரப்பில் நான் வருவதைப் பார்த்ததும் ஓடி வந்து, அதே மாதிரி நாலு சுற்று சுற்றி, குரைத்து, என் காலைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டது. பெரியப்பா, "இது ஒண்ணுதான்டா இதுகிட்ட கெட்ட பழக்கம்" என்று சிரித்தார். நான் அசையாமல் நின்றேன். பிறகு காலடியில் கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து வீசினேன். அதை எடுக்க ஓடியது. நாலைந்து முறை வீசியதும் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. காலைப் பிடிக்கும் எண்ணமே போய்விட்டது.

தலையைத் தடவலாம் என்று கையைத் தூக்கினேன். ஜூலி வயிறு தரையில் படுகிற மாதிரி அப்படியே ஒட்டிப் படுத்து, கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. பெரியப்பா, "ஏன்டா, உன்கிட்ட மட்டும் இப்படிப் பண்ணுது?" என்று கேட்டார்.

இந்த முறை சொல்லிவிட்டேன்.